செவிமடுக்கக் கற்ற கார்ல் ரோஜர்ஸ்

சமையலறையின் இருண்ட மூலையில் போட்டு மறந்துபோன உருளைக்கிழங்கு, சில வாரங்களில் முளைவிட்டிருப்பதைத் தானா ராத்தாவிலும் பல வீடுகளில் பார்த்திருப்பார்கள். மண் இல்லை, நீர் இல்லை, வெயில் இல்லை. ஆயினும் கிழங்கிலிருந்து வெளிறிய முளைகள் கிளம்பியிருக்கும். அருகில் ஒரு சன்னல் இருந்தால் அத்திசையை நோக்கி அவை வளைந்து நீளும்.

அமெரிக்காவில் ஒரு சிறுவர் இக்காட்சியைத் தம் வீட்டு நிலவறையில் கண்டார். பனிக்காலத்துக்காகச் சேமித்து வைத்த கிழங்குகள் அங்கே கிடந்தன. அவற்றுக்குச் சில அடி உயரத்தில் ஒரு சிறு சன்னல் இருந்தது. அந்த முளைகள் ஒருபோதும் நல்ல செடிகளாக வளரப் போவதில்லை. அப்படியிருந்தும் அவை ஒளியை நோக்கி நீண்டன. பல ஆண்டுகளுக்குப் பின், மனநல மருத்துவமனைகளில் வாழ்க்கை உருக்குலைந்துபோன மனிதர்களோடு உரையாடிய வேளைகளில், அவர் அம்முளைகளை நினைத்துக்கொண்டார். அவரே கார்ல் ரோஜர்ஸ். இன்று நம் நாட்டுப் பள்ளிகளில் ஆலோசக ஆசிரியர்கள் கற்றுவரும் முறைகளுள் ஒன்றான நபர்மைய ஆலோசனை முறையை உருவாக்கியவர்.

ரோஜர்ஸ் 1902ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள், சிகாகோ நகரை அடுத்த ஓக் பார்க்கில் பிறந்தார். ஆறு பிள்ளைகளுள் நான்காமவர். தந்தை பொறியியலாளர். பெற்றோர் இருவரும் பிள்ளைகள்மீது மிகுந்த அன்பு கொண்டவர்கள். அதே அளவுக்குக் கண்டிப்பானவர்கள். மது, நடனம், சீட்டாட்டம், நாடகம் எதுவும் அவ்வீட்டில் கூடாது. ஓயாத உழைப்பும் இறைவழிபாடும் மட்டுமே நல்வாழ்வு எனக் கருதப்பட்டது. கார்ல் கூச்ச சுபாவம் உள்ளவராய், எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருந்தார். பள்ளியில் சேரும் முன்பே அவருக்கு நன்றாக வாசிக்கத் தெரிந்ததால், நேராக இரண்டாம் வகுப்பிலேயே சேர்த்தார்கள். மனத்தில் உள்ளதை வெளியே சொல்லும் அளவுக்கு நெருங்கிய நண்பர்கள் அவருக்கு இல்லை. பிற்காலத்தில் உலகத்தின் மனக்குறைகளையெல்லாம் கேட்டவருக்கு, தம் மனக்குறையைச் சொல்ல இளமையில் ஆள் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே இரவில் பறக்கும் பெரிய பச்சை நிற அந்துப்பூச்சிகள் அவரைக் கவர்ந்தன. புழுக்களைப் பிடித்து வளர்த்தார். கூட்டுப்புழுக்களைப் பனிக்காலம் முழுவதும் பாதுகாத்தார். பண்ணையை அறிவியல் முறைப்படி நடத்த வேண்டும் என்பதில் தந்தை உறுதியாக இருந்தார். அதற்காக வாங்கிய தடித்த வேளாண் நூல்களைக் கார்ல் ஆர்வத்துடன் படித்தார். ஒரு தீவனம் நல்லதா இல்லையா என்பதை நம்பிக்கையால் முடிவு செய்ய இயலாது. சோதித்துத்தான் அறிய வேண்டும் என்பதை அந்நூல்கள் அவருக்குக் கற்பித்தன. இந்தப் பாடம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

1919ஆம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படிக்கச் சேர்ந்தார். பிறகு சமயப் பணியில் நாட்டம் பிறந்து வரலாற்றுத் துறைக்கு மாறினார். 1922ஆம் ஆண்டு, சீனாவின் பீக்கிங் நகரில் நடைபெற்ற உலகக் கிறித்துவ மாணவர் மாநாட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பயணம் ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தது. பல நாட்டு மாணவர்களோடு பழகியபோது, நேர்மையான மனிதர்கள் ஒரே பொருளைப் பற்றி முற்றிலும் வெவ்வேறு கருத்துகளைக் கொண்டிருக்க முடியும் என்பதைக் கண்டார். தம் புதிய எண்ணங்களை ஒளிக்காமல் வீட்டுக்கு எழுதினார். கடிதங்கள் கப்பலில்தான் போய் வந்தன. பெற்றோரின் வருத்தம் நிறைந்த பதில் வந்து சேர்வதற்குள் அவர் வேறொரு மனிதராகிவிட்டிருந்தார். தொலைபேசி இருந்திருந்தால் அவர் வாழ்க்கை வேறு விதமாகத் திரும்பியிருக்கலாம்.

1924ஆம் ஆண்டு பட்டம் பெற்ற கையோடு, சிறுவயதுத் தோழியான ஹெலன் எலியட்டை மணந்துகொண்டு நியூயார்க் சென்றார். அங்கே ஓர் இறையியல் கல்லூரியில் ஈராண்டு பயின்றார். குறிப்பிட்ட ஒரு கோட்பாட்டை நம்பியே ஆக வேண்டும் என்ற தொழில் தமக்கு ஒத்துவராது என உணர்ந்ததும், தெருவின் மறுபக்கத்தில் இருந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரிக்கு மாறி உளவியல் கற்றார். 1931ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைக்கும் முன்பே, 1928ஆம் ஆண்டு, ரோச்செஸ்டர் நகரில் குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கத்தில் வேலைக்கு அமர்ந்துவிட்டார். ஆண்டுச் சம்பளம் 2,900 டாலர். பல்கலைக்கழக உலகிலிருந்து வெகுதொலைவில் இருந்த அந்த வேலை அவருடைய எதிர்காலத்துக்கு நல்லதன்று எனக் கருதியவர்கள் இருந்தார்கள். ஆனால், அவர் பின்னாளில் எழுதியவற்றின் வேர்கள் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் இருக்கின்றன. நீதிமன்றங்களும் நல அமைப்புகளும் அனுப்பிய, தவறு செய்த சிறுவர்களையும் கைவிடப்பட்ட சிறுவர்களையும் அவர் நாள்தோறும் சந்தித்தார்.

தொடக்கத்தில் அவர் ஏனைய நிபுணர்களைப் போலவே நடந்துகொண்டார். சிறுவரைச் சோதிப்பார், குடும்பத்தை விசாரிப்பார், காரணத்தைக் கண்டுபிடிப்பார், பிறகு என்ன செய்ய வேண்டும் எனச் சொல்வார். ஒருமுறை, அடிக்கடி தீ வைக்கும் பழக்கமுள்ள ஓர் இளைஞன் அவரிடம் வந்தான். அக்காலத்தில் பெரிதும் மதிக்கப்பட்ட ஓர் அறிஞரின் கொள்கைப்படி அதற்கான காரணத்தை ரோஜர்ஸ் பொறுமையாகத் தேடிக் கண்டுபிடித்தார். சிக்கல் தீர்ந்தது என்றே நம்பினார். விடுவிக்கப்பட்ட அந்த இளைஞன் மீண்டும் தீ வைத்தான். பெரிய அறிஞரும் தவறக்கூடும் என்பது ரோஜர்ஸுக்கு அதிர்ச்சியாக இருந்தது.

இன்னொரு நிகழ்ச்சி, ஒரு தாயைப் பற்றியது. அவருடைய மகன் கட்டுக்கடங்காத முரடனாக இருந்தான். மகனின் சிறுவயதில் தாய் அவனை மனத்தளவில் ஒதுக்கியதே காரணம் என்பது ரோஜர்ஸின் முடிவு. தாய் கூறியவற்றையே கொண்டு, இதை அவருக்கு மென்மையாகப் புரியவைக்க வாரக்கணக்கில் முயன்றார். பயனில்லை. இறுதியில், இருவரும் முயன்றும் பலன் கிடைக்கவில்லை, ஆகவே சந்திப்புகளை நிறுத்திக்கொள்ளலாம் என்று சொன்னார். தாயும் ஒப்புக்கொண்டு, கைகொடுத்து, கதவுவரை சென்றுவிட்டார். அங்கே நின்று திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை வழங்குவதுண்டா எனக் கேட்டார். உண்டு என்றதும், தமக்கு உதவி தேவை என்று கூறி, விட்டுச்சென்ற நாற்காலிக்கே வந்து அமர்ந்தார். கணவரோடு தமக்குள்ள உறவு சிதைந்துபோனதையும், தம் தோல்வியையும், குழப்பத்தையும் கொட்டித் தீர்த்தார். அதற்கு முன் அவர் அளித்திருந்த வறண்ட விவரங்களுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ரோஜர்ஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆகவே, கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பின் பல சந்திப்புகள் நடந்தன. கணவன் மனைவி உறவு சீரடைந்தது. மகனுடைய முரட்டுத்தனமும் தணிந்தது.

எது வலிக்கிறது, எத்திசையில் போக வேண்டும், எந்த அனுபவம் அடியில் புதைந்து கிடக்கிறது என்பவை அந்தத் தாய்க்கே தெரிந்திருந்தன. நிபுணரான தமக்குத் தெரியவில்லை என்பதை ரோஜர்ஸ் அன்று உணர்ந்தார். தம் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொள்ளும் ஆசை இல்லாவிட்டால், வந்தவரின் போக்கையே நம்பிப் பின்தொடர்வது நல்லது என்பது அவருடைய முடிவு.

தமிழில் 'ஆலோசனை' என்னும் சொல்லே நம்மைச் சற்றுத் திசைதிருப்பிவிடுகிறது. ஆலோசனை கேட்கப் போகிறேன் என்றால், யாரோ ஒருவர் அறிவுரை கூறப் போகிறார் என்றே பொருள்கொள்கிறோம். பெரியவர்கள் சொல்வதும் இளையவர்கள் கேட்பதும் நம் வீடுகளின் வழக்கம், அதில் தவறில்லை. ரோஜர்ஸின் முறையில் இது ஏறக்குறைய தலைகீழாகிறது. உதவி நாடி வந்தவர் பேசுகிறார், ஆலோசகர் கேட்கிறார்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த நான்காம் படிவ மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அவளுடைய தேர்வுப் புள்ளிகள் திடீரெனச் சரிகின்றன. ஆலோசக ஆசிரியரின் அறைக்கு வந்தவள், படிப்பில் மனம் செல்லவில்லை என்று மட்டும் சொல்கிறாள். நேர அட்டவணை போட்டுப் படி, கைப்பேசியை ஒதுக்கி வை என்று சொல்லி அனுப்புவது எளிது. நபர்மைய முறையைப் பின்பற்றும் ஆசிரியர் அவ்வாறு செய்வதில்லை. அவள் குரலில் இருந்த களைப்பைக் கவனித்து, எல்லாவற்றிலும் சலித்துப்போனது போல் இருக்கிறதா என்று அவளுடைய உணர்வையே அவளிடம் திருப்பிக் காட்டுகிறார். அவள் பேசாமல் இருந்தால் தாமும் பொறுத்திருக்கிறார். சிறிது நேரம் கழித்து அவள் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்குகிறாள். தாத்தா வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறார். தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். குடும்பம் ஈப்போவுக்குப் போகிறது. பாட்டிக்கு வர விருப்பமில்லை. இதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. படிப்பு அவளுடைய சிக்கலே அன்று. அதைச் சொல்லி முடித்த பிறகுதான், அப்பாவிடம் தானே பேசிப் பார்க்கலாம் என்ற எண்ணம் அவளுக்குத் தோன்றுகிறது. வீட்டுப் பிரச்சினையை ஆசிரியரால் தீர்க்க முடியாது. ஆனால், அதை அவள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்றாகிறது.

இவ்வாறு கேட்பது சும்மா இருப்பதன்று. அதற்கு மூன்று பண்புகள் இன்றியமையாதவை என்று ரோஜர்ஸ் வகுத்தார். ஆலோசகர் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாத மெய்ம்மை உடையவராக இருக்க வேண்டும். இப்படி நடந்தால்தான் உன்னை மதிப்பேன் என்ற நிபந்தனை ஏதுமின்றி, வந்தவரை மனிதராக ஏற்க வேண்டும். அவருடைய உலகத்தை அவர் கண்களாலேயே காண முயல வேண்டும். அதே வேளையில் அதில் மூழ்கிவிடவும் கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை ரோஜர்ஸ் சொந்த வாழ்க்கையில் கற்றார். அது பிறகு வருகிறது.

1940ஆம் ஆண்டு அவர் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவ்வாண்டு டிசம்பர் 11ஆம் நாள் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அறிவுரை கூறியும் வற்புறுத்தியும் விளக்கம் அளித்தும் மனிதரை மாற்ற முயலும் பழைய முறைகளை அதில் குறை கூறினார். சிலர் பாராட்டினர், சிலர் சினந்தனர். இவ்வளவு சலசலப்பை அவர் எதிர்பார்க்கவில்லை. தாம் சொல்வது புதியது என்பது அப்போதுதான் அவருக்கே விளங்கியது. நபர்மைய முறை பிறந்த நாளாக அந்நாளையே குறிப்பிடுவர்.

வேளாண் நூல்களில் கற்ற சோதனை மனப்பான்மை இங்கே மீண்டும் தலைகாட்டியது. ஆலோசனை அறையில் உண்மையில் என்ன நடக்கிறது? அதுவரை ஆலோசகர்கள் தம் நினைவிலிருந்து எழுதிய குறிப்புகளே சான்றாக இருந்தன. நினைவு தனக்குச் சாதகமானதைத்தான் வைத்துக்கொள்ளும். எனவே, வந்தவர்களின் ஒப்புதலோடு உரையாடல்களை இசைத்தட்டுகளில் பதிவு செய்ய ரோஜர்ஸ் ஏற்பாடு செய்தார். தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பதியும். ஒரு மணி நேர உரையாடலுக்கு எத்தனை தட்டுகள் தேவைப்பட்டிருக்கும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். 1942ஆம் ஆண்டு வெளிவந்த 'ஆலோசனையும் உளச் சிகிச்சையும்' என்னும் நூலில், ஒருவருடைய சந்திப்புகள் அனைத்தையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். அதற்கு முன் எவரும் அவ்வாறு செய்ததில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது முதன்முறையாக ஆய்வுக்கு வெளிப்பட்டது. உதவி நாடி வருபவரை 'நோயாளி' என அழைப்பதையும் அவர் தவிர்த்தார்; தம் தேவையைத் தாமே உணர்ந்து நாடி வருபவர் என்ற பொருளில் 'நாடுநர்' என்பதற்கு ஈடான ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தினார்.

1945ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்று ஆலோசனை மையம் ஒன்றை நிறுவினார். அடுத்த ஆண்டு அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புகழ் வளர்ந்த அந்த ஆண்டுகளில்தான் பெரும் சோதனையும் வந்தது. 1940களின் இறுதியில், கடுமையான மனக்குலைவுக்கு ஆளான ஒரு பெண் அவரிடம் உதவி நாடி வந்துகொண்டிருந்தார். அவரைக் கைவிடக் கூடாது, தம்மால் உதவ முடிந்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தில் ரோஜர்ஸ் தம் எல்லையை மறந்தார். அப்பெண்ணின் துன்பம் எங்கே முடிகிறது, தம் துன்பம் எங்கே தொடங்குகிறது என்பதே அவருக்குப் புலப்படாமல் போயிற்று. ஒருநாள், தாமே நிலைகுலையப் போகிறோம் என்று உணர்ந்தார். அப்பெண்ணை ஓர் உளமருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவி ஹெலனோடு காரில் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். திரும்பிவர இரண்டு மூன்று மாதங்கள் ஆயின.

திரும்பிய பின்னும் மனம் தேறவில்லை. தாம் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் அரித்தது. அப்போது அவரிடம் பயிற்சி பெற்ற இளைய பணியாளர் ஒருவர் உதவ முன்வந்தார். நாடறிந்த பேராசிரியர், தம்மிடம் கற்றவரின் முன்னால் நாடுநராக அமர்ந்தார். தாம் போதித்த முறையே தமக்குத் தேவைப்பட்டபோது அதை ஏற்க அவர் தயங்கவில்லை. ஹெலனும் பொறுமையோடு துணைநின்றார். இந்நிகழ்ச்சியை ரோஜர்ஸ் பின்னாளில் மறைக்கவும் இல்லை. தம் தொழிலில் தோற்றதை வெளிப்படையாக எழுதும் நிபுணர்கள் அரியவர்.

அவருடைய கருத்துகளுக்கு மறுப்புகளும் இருந்தன. மனித நடத்தையைச் சூழலே தீர்மானிக்கிறது என்ற கொள்கையுடைய பி. எஃப். ஸ்கின்னருடன் 1956ஆம் ஆண்டு அவர் நடத்திய விவாதம் இன்றும் உளவியல் மாணவர்களால் படிக்கப்படுகிறது. அதே ஆண்டு, அறிவியல் பங்களிப்புக்கான அமெரிக்க உளவியல் சங்கத்தின் விருதை முதன்முதலில் பெற்ற மூவருள் ஒருவரானார். 1957ஆம் ஆண்டு விஸ்கான்சினுக்குத் திரும்பி, மனப்பிளவு நோயால் மருத்துவமனையில் இருந்தவர்களிடம் தம் முறையைச் சோதித்தார். பலன் அவர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. கடும் மனநோய்க்குச் செவிமடுத்தல் மட்டும் போதுமா என்ற கேள்வியை அந்த ஆய்வு எழுப்பியது. இன்றைய ஆலோசகர்களும் இதை அறிவார்கள். ஒருவருடைய உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், கேட்பதோடு நின்றுவிடாமல் மருத்துவ உதவிக்கும் பாதுகாப்புக்கும் உடனே வழிசெய்வார்கள்.

1961ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூல் ஒன்று, துறைசார்ந்தவர்களைத் தாண்டிப் பொதுமக்களையும் எட்டியது. ஆசிரியர்கள், தாதியர், பெற்றோர் எனப் பலரிடமிருந்து அவருக்குக் கடிதங்கள் குவிந்தன. ஆனால், மாணவர்களைத் தேர்வுகளால் வடிகட்டும் போக்கை ஏற்க முடியாமல், 1963ஆம் ஆண்டு பல்கலைக்கழக உளவியல் துறையிலிருந்து விலகினார். அதன்பின் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் குடியேறி, 1968ஆம் ஆண்டு நண்பர்களோடு சேர்ந்து ஓர் ஆய்வு மையம் தொடங்கினார். கற்றலைப் பற்றியும் எழுதினார். கற்பிப்பதைவிடக் கற்க விடுவதே ஆசிரியரின் பெரும்பணி என்ற அவருடைய கருத்து, இன்றைய வகுப்பறைகளில் பேசப்படும் மாணவர்மையக் கல்விக்கு நெருங்கிய உறவுடையது.

மலேசியாவில் ஆலோசனை இன்று சட்டத்தால் முறைப்படுத்தப்பட்ட தொழில். 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, அத்தொழிலைச் செய்வோர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பள்ளி ஆலோசனை அறையில் மேசையை இடையில் வைக்காமல் நாற்காலிகளை அருகருகே போட்டிருப்பதைச் சில மாணவர்கள் கவனித்திருக்கலாம். வந்தவரும் கேட்பவரும் சமமாக அமர வேண்டும் என்பது ரோஜர்ஸுக்கு உகந்த எண்ணமே.

முதுமையில் அவர் ஓய்வெடுக்கவில்லை. இரண்டு மனிதருக்கிடையே பலனளிக்கும் செவிமடுத்தல், பகைகொண்ட இரண்டு கூட்டத்துக்கிடையே பலனளிக்காதா என்று கேட்டார். 1970களில் வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கும் புரோட்டஸ்டண்டினருக்கும் இடையே குருதி சிந்தும் மோதல் நடந்த காலத்தில், பெல்பாஸ்ட் நகரைச் சேர்ந்த இரு தரப்பினரையும் ஒரே அறையில் அமர்த்திப் பேசச் செய்தார். உறவினரைப் பறிகொடுத்தவர்களும் அக்குழுவில் இருந்தார்கள். முதலில் கசப்பே வெளிப்பட்டது. பிறகு எதிர்த்தரப்பினரின் இழப்பும் இழப்பே என்பதை உணரத் தொடங்கினார்கள். 1979ஆம் ஆண்டு ஹெலன் காலமானார். அதன் பின்னும் அவர் பயணங்கள் தொடர்ந்தன. இனஒதுக்கல் நிலவிய தென்னாப்பிரிக்காவுக்கு 1982ஆம் ஆண்டும் 1986ஆம் ஆண்டும் சென்று, கறுப்பரையும் வெள்ளையரையும் ஒன்றாக அமரவைத்தார். 1985ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் ருஸ்ட் என்னும் சிற்றூரில், மத்திய அமெரிக்காவின் போர்ச்சூழலைப் பற்றிப் பேசப் பல நாட்டுத் தலைவர்களைக் கூட்டினார். மறு ஆண்டு சோவியத் நாட்டுக்கும் சென்று பயிற்சிப் பட்டறைகள் நடத்தினார். அப்போது அவருக்கு வயது எண்பத்து நான்கு.

1987ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீட்டில் தவறி விழுந்ததில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தும் உடல் தேறவில்லை. பிப்ரவரி 4ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டதும் அதே ஆண்டில்தான்.